வீரணன் அடைத்த கசிவு

டீக்கடைக்குள் நுழைந்ததும் வீரணன் பெஞ்சில் உட்கார மாட்டார். நேரே அடுப்படிக்குப் போய், எச்சில் தொட்டுக் கன்னத்தை ஈரமாக்கிக்கொண்டு, சிலிண்டர் ரெகுலேட்டர் பக்கம் முகத்தை நீட்டுவார். சில்லென்று காற்றுப் படவில்லை என்றால்தான் டீ. கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. எனக்கு அந்த எச்சில் இன்னும் பழகவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து மண்ணரையில் குடியேறி இருபத்தெட்டு வருடம். பனியன் கம்பெனிகளில் கம்ப்ரசர் மெக்கானிக். "காத்து ஒழுகுற எடத்துல எனக்குச் சோறு எறங்காதுப்பா" என்பார். பஸ்ஸில் ஏர் பிரேக் உஸ்ஸென்று சீறினால் அன்றைக்கு டிரைவருக்கு நிம்மதி போயிற்று.

நல்லூரில் என் லேபிள் பிரிண்டிங் பட்டறைக்கு அடுத்த ஷெட் தரணியுடையது. தன் அப்பாவின் நிட்டிங் யூனிட்டில் பாதியைக் கேட்டு வாங்கி, காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு மெஷினுக்குள் அந்தப் பெண் வைரம் வளர்க்கிறாள். நகைக்கு அல்ல. வைரத்தின் கார்பன் அணு வரிசையில் ஒரு நைட்ரஜன் அணு புகுந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், பச்சை ஒளி பட்டதும் அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அந்தக் குறைதான் வேண்டும். துணியில் ஓட்டை விழுந்தால் ரிஜெக்ட் ஆகிற ஊரில், ஓட்டைக்கே ஆர்டர். முதல் கல் நன்றாகச் சிவந்தது. இரண்டாவதும் அதேபோல் வந்தால்தான் ஒப்பந்தம்.

இடையில் அந்த மெஷினின் காற்றை உறிஞ்சும் பம்ப் சத்தம் போட, வீரணனைக் கூட்டிப்போனது நான்தான். பம்பைச் சரிசெய்த மனிதர், யாரும் கேட்காமலே மெஷின் மூடி ஓரத்தில் ஒரு பொடிக் கசிவையும் கண்டுபிடித்து, ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு, கசிவை அடைத்த மெஷினில் எல்லாம் எழுதுவதுபோல் தன் பெயரையும் செல் நம்பரையும் எழுதிவைத்தார்.

பத்து நாள் வளர்ந்து வந்த அடுத்த கல், பச்சை வெளிச்சத்தில் சிவக்காமல் செத்துக் கிடந்தது. தரணி வீரணனை வரவழைத்துக் கேட்டாள்.

"ஏனுங்ணா, பம்பு தவிர வேற ஏதாச்சும் தொட்டீங்களா?"

"ஒண்ணுந் தொடலம்மா. மூடி ஒழுகுச்சு, அடைச்சேன்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கசிவு வழியாகத்தான் வெளிக்காற்றின் நைட்ரஜன் கல்லுக்குள் போயிருக்கிறது. கூட்டிவந்த பாவி நானல்லவா?

"அதையத் திரும்ப ஒழுக வெச்சிருங்ணா. நைட்ரஜன அளந்து விடற வால்வு வர ரெண்டு மாசம் ஆகுமுங்க. அவங்க இந்த மாசமே கேக்கறாங்க."

வீரணன் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு அடைக்கத்தான தெரியும்," என்றார் கடைசியில். "எவ்வளவு ஒழுகுச்சுன்னு யாரு அளந்தா?" அப்புறம் மூலையில் கிடந்த கழிவு மூட்டையைக் கொட்டிக் கிளறி, வெடிப்பு விட்ட அந்தப் பழைய வளையத்தைத் தேடியெடுத்தார். அதை மாட்டி முடுக்கி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த கல் சிவந்தது. குனிந்து பார்த்தேன். மாதுளை முத்து மாதிரி அப்படி ஒரு சிவப்பு. "அண்ணா, வந்து பாருங்ணா" என்று தரணி கூப்பிட்டாள். திரும்பினால், வீரணன் பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால், கசிவை அடைத்த அன்று மெஷின் மேல் பெரிதாக எழுதிவைத்த தன் பெயரையும் செல் நம்பரையும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.