பற்றைக்குள் ஒரு கிணறு

கரம்பொனில் எங்களுடைய பெரிய வளவு பல வருடங்களாகப் பற்றை மூடிக் கிடந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்குப் போன நான், அதை வெட்டித் துப்புரவாக்கப் புளியங்கூடலிலிருந்து ஒரு கணவன் மனைவியைக் கூலிக்குப் பிடித்தேன். எல்லையைக் காட்டுவதற்காக ஈச்சம்பற்றையை விலக்கிக்கொண்டு முன்னே நடந்தேன். திடீரென்று காலுக்குக் கீழே நிலம் இல்லை.

கட்டு இடிந்த பழைய கிணறு அது. விளிம்பிலிருந்த வேரொன்றைப் பிடித்துத் தொங்கினேன். அந்த மனிதர் குப்புறப் படுத்து என் மணிக்கட்டுகளைப் பற்றினார். தனியாக என்னைத் தூக்க அவரால் முடியவில்லை. அவருடைய மனைவி ஆள் தேடி ஓடினார்.

"அண்ணை, எனக்கு ஏலாது. கை வழுக்குது."

"இன்னும் கொஞ்சம் அக்கா. ஆக்கள் கயிறோட வருகினம். கேற்றடிக்கு, வளவு வாசலுக்கே வந்திட்டினம்."

அதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வேர் அறுந்தது. அவர் என்னை விடவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகுதான் இரண்டு பேர் ஓடிவந்து, கயிறு போட்டு என்னை மேலே இழுத்தார்கள்.

"கேற்றடியில ஏன் இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "நிக்கேல்லை அக்கா. கடற்கரைக்குப் போய் இவையளைக் கூட்டிக்கொண்டு இப்பதானே வந்தனாங்கள்."

நான் அவருடைய கணவரைப் பார்த்தேன். முள் கிழித்த கைகளிலிருந்த மண்ணை அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மட்டும் சொல்லேல்லை அக்கா," என்றார். "எனக்கும் சேர்த்துத்தான் சொன்னனான்."

இப்போது யாராவது எனக்குத் தைரியம் சொன்னால், அவர்களும் பயந்துகொண்டுதான் சொல்கிறார்களோ என்று ஒருமுறை அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.