பல்வலி மாத்திரையும் பத்து நாள் பேதியும்

லேப் வேலையில் ரத்தம் எடுப்பது சுலபம். மலம் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். நாங்கள் நீட்டும் சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். தாம்பரத்தில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது நடந்தது இது.

சாப்பாட்டுப் பை

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் சாமுவேல் சார் வந்தார். அவர் மனைவி எஸ்தர், கணக்கு டீச்சர். டீச்சருக்குப் பத்து நாளாகப் பேதி. எதைச் சாப்பிட்டாலும் நிற்கவில்லை. டப்பாவை நாலு பாலிதீன் கவரில் சுற்றி, ஆபீஸ் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. "பக்கத்து சீட்டுக்காரர், 'இன்னிக்கு என்ன சார் குழம்பு?'ன்னார். சாம்பார்னு சொல்லிட்டேம்மா."

ஒன்றுமே இல்லை

மைக்ரோஸ்கோப்பில் சீழ் செல்கள் நிறைய இருந்தன. ஆனால் அமீபா இல்லை, புழு முட்டை இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்தும் பேதிக்கு வழக்கமான கிருமி எதுவும் வளரவில்லை. அதற்குள் டீச்சரை நர்சிங் ஹோமில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். எனக்கோ தலை குடைந்தது. எங்கள் டாக்டர் மேடத்திடம் போனேன். "ரெண்டு மாசமா என்ன மாத்திரை போட்டாங்கன்னு கேளு" என்றார்.

நர்சிங் ஹோமுக்கு ரத்தம் எடுக்கப் போனபோது கேட்டேன். டீச்சரால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை. பல்வலிக்குப் பல் டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தாராம். வலி லேசாகத் திரும்பியதும் அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் இன்னும் இரண்டு தடவை இவராகவே வாங்கிப் போட்டாராம். ஓடிவந்து மேடத்திடம் சொன்னேன். "அது குடல்ல இருந்த நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னிருக்கும். காலி இடம் சும்மா இருக்குமா? கூடுவாஞ்சேரி மனை மாதிரி, உடனே எவனாவது வேலி போட்டுடுவான்."

முகம் தெரியாத எதிரி

புதிதாக மலச் சாம்பிள் வாங்கி, ஐஸில் வைத்து நகரத்துப் பெரிய லேபுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் 'க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற கிருமியின் விஷம் இருப்பதாக வந்தது. கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்த என்னை மேடம் அதட்டினார்: "அது ஸ்பிரிட்டுக்கெல்லாம் சாகாது. சோப்புப் போட்டுக் கழுவு!"

பழைய மாத்திரையை நிறுத்தி, இந்தக் கிருமிக்கென்று வேறு மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் பேதி அடங்கியது. மூன்று வாரம் கழித்து டீச்சர் தானே படியேறி வந்தார், பாதியாய் இளைத்து. அந்தக் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் காட்டச் சொன்னார். பெரிய லேபில் தேடியது அதன் விஷத்தைத்தான், அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றேன். அவருக்கு ஏமாற்றம். "ஏம்மா, என் உயிரை எடுக்க வந்தவன் மூஞ்சியைக்கூட நான் பார்க்க முடியாதா?"

இத்தனை வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைத் தேய்த்த பிறகு சொல்கிறேன், சில வியாதிகள் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே கண்ணுக்குத் தெரிகின்றன.