எதிர்வீட்டுச் சேர்

பழைய மரச்சேருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று உப்புத்தாளால் தேய்த்தேன். ரெண்டு இழுப்பிலேயே அழுக்குக்கு அடியிலிருந்து பச்சை தெரிந்தது. அப்பா அடித்த பச்சை.

ஏழாம் வகுப்பில் என்னோடு படித்த பேங்க் மேனேஜர் மகள் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள் என்றுதான் அடித்தார். பிரம்பு பிய்ந்துபோன இருக்கையை, தறியில் மிஞ்சிய கழிவு நூலைக் கயிறாக முறுக்கி அவரே பின்னினார். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்குள் பெயின்ட் வாசம்.

வந்தவள் உட்கார்ந்து, கலர் கலரான நூலைத் தடவிச் சிரித்தாள். "இது என்ன சேர்ட்டி?"

"எங்களுது இல்ல. எதுத்த வீட்டுல வாங்கினது" என்றேன். அப்பா வாசலில்தான் நின்றார்.

அம்மா நீட்டிய காப்பியை வாங்க அவள் எழுந்ததும் அப்பா உள்ளே வந்தார். "ஏட்டி, அவங்க தேடுவாங்க. குடுத்துட்டு வாரேன்" என்று சேரைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். அவர் நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை.

இப்போது புது பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு என் சிநேகிதிகள் யார் வந்தாலும், நான் சொல்லாமலே அப்பா சேரை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஒரு தடவைகூட நான் "வேண்டாம்ப்பா" என்று சொன்னதில்லை.