இரண்டு பேர் ஏறும் தொட்டில்

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்னால், தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பணக்காரர் பார்க் திறந்தார். உள்ளே ஒரு குடை ராட்டினம், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிகள் வைத்த கூடம், எப்போதும் யார் மேலோ கோபமாக இருக்கும் இரண்டு குரங்குகள், ஒரு சோடாக் கடை. இவை எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் போனது தொட்டில் ராட்டினத்துக்காக. பெரிய மரச் சக்கரம், அதில் தொங்கும் தொட்டில்கள், கையால் சுற்றிவிட ஓர் ஆள். ஒவ்வொரு தொட்டிலும் உச்சிக்கு வந்ததும் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பான். கீழே தென்னந்தலைகள், சாலைக் கடைத்தெருவின் ஓட்டுக் கூரைகள், கோவில் கோபுரம், வானம் தெளிவாக இருந்தால் மேற்கே கடல் மாதிரி ஒரு கோடு. அந்த உச்சி எனக்குப் பிடித்துப் போயிற்று. ஊரில் எனக்கென்று சொல்லிக்கொள்ள அப்போது வேறு இடம் கிடையாது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாளத்து ஊரின் வலியசாலை அக்ரஹாரத்துக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். அவருக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. நல்ல மனுஷர்தான், ஆனால் பேசமாட்டார். சாதம் குழைந்தாலும் பேசமாட்டார், குழையாவிட்டாலும் பேசமாட்டார். குழந்தை பிறக்கவில்லை. காலையில் அவர் போன பிறகு சாயங்காலம் திரும்பும் வரை அந்த வீட்டில் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் ஸ்லோகம் சொல்ல வேண்டும். தெருவில் மாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் என் வயிற்றில்தான் வந்து நிற்கும். நானும் சுருக்கென்று எதையாவது சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு வாய்த்துடுக்கு என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

பார்க்கில் சனிக்கிழமை பிற்பகல் பெண்களுக்கு மட்டும். முதலில் மாமிகளோடு கூட்டமாகப் போனேன். ஒரு மாமிக்கு உச்சியில் மயக்கம் வந்து வாந்தி எடுத்ததோடு தெருவே பார்க்கை விட்டுவிட்டது. நான் விடவில்லை. சனிக்கிழமை கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். "சரி" என்பார் அவர். எந்தக் கோவில் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தனியாகப் போன முதல் நாளே ராட்டினக்காரன் தடுத்துவிட்டான். தொட்டில் இரண்டு பேர் உட்காரும் தொட்டில். ஒரே ஆள் ஏறினால் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும், சக்கரம் சரியாகச் சுற்றாது. அதனால் ஒற்றைக்கு வருகிற பெண்களை ஜோடி சேர்த்துத்தான் ஏற்றுவார்கள். எனக்கு ஜோடியாக அவன் கையைக் காட்டியது, கொஞ்சம் தள்ளி நின்ற ஒருத்தியை. வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. நாகர்கோவில் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்தவள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மடிசாரைப் பார்த்து நான் யார் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரு கணம் தயங்கினோம். பிறகு ஏறி உட்கார்ந்தோம். தொட்டில் குறுகல், தோளோடு தோள் இடித்தது.

மேலே போகும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடாதிய அக்கா. மூடினாத்தான் தல சுத்தும்" என்றாள்.

அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் அக்கா என்பதை அவள் விடவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தருகிறவள் என்பதால் நான் டீச்சர் என்றே கூப்பிட்டேன். எங்களுக்குள் வேறு பெயர் தேவைப்படவில்லை. வீடு எது, தெரு எது என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும் என்று தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அவளைத் தொட்டதற்கு முறைப்படி கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆனால் கோவிலுக்குப் போய்விட்டு வந்தவள் தலை முழுகினால் எதிர்வீட்டு மாமி சும்மா இருப்பாளா? சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டி, குளிக்காமலே அடுப்பைப் பற்ற வைத்தேன். ரசம் எப்போதும் போலத்தான் இருந்தது. அவரும் எப்போதும் போலப் பேசாமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவள் புருஷன் மலேயாவில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அதை அவள் ஒரே ஒரு தடவை, உச்சியில் நின்றபோது சொன்னாள். மற்றபடி சிரிப்புதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போலப் பேசிக்காட்டுவாள், குரங்குகளில் ஒன்றுக்கு அவள் தலைமை ஆசிரியையின் முகம் என்பாள். நான் வாயைத் திறந்தால் தெருவில் துடுக்கு என்பார்கள். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், தொட்டில் ஆடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அடுத்த சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவேன். அப்போது எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. இதை எழுதும்போது மிகைப்படுத்துவதாகத் தோன்றவில்லை.

ஒரு ஆடி மாதத்தில் பார்க் வாசலில் மலையாளத்தில் பலகை வைத்தார்கள். அந்த இடம் பட்டாளத்து லாரிகள் நிறுத்த வேண்டியிருக்கிறது, கர்க்கடகம் கடைசி நாளோடு பார்க் மூடப்படும், கடைசி வாரம் எல்லாப் பிற்பகலும் பெண்கள் வரலாம். எங்கள் ஆடிதான் மலையாளத்துக் கர்க்கடகம். படித்துவிட்டு இரண்டு பேரும் தொட்டிலில் ஏறினோம்.

"எனக்கும் வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு அக்கா. எந்த ஊருன்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லிருவாவ" என்றாள் மேலே போனதும்.

"அப்பறம் எப்படிப் பார்க்கறது?" என்றேன்.

"கடசி நாளைக்கு வருகேன். ஊரு, வீடு எல்லாம் சொல்லுகேன். நீங்களும் சொல்லணும். இனிமே மறைச்சு என்னத்துக்கு?"

"கட்டாயம் வருவேளா?"

"நீங்க வந்தாப் போதும்."

ஆடிக் கடைசி நாள் வந்தது. சாதாரண வாரநாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். பழைய ராட்டினக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அவனுக்குப் பதிலாக அந்த வாரம்தான் வந்த புதிய ஆள், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிறவன். எனக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு எங்களைத் தெரியாது. தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. டீச்சரைக் காணவில்லை.

டீச்சருக்குப் பதிலாக வந்தவள் எதிர்வீட்டு மாமி. ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்களுக்குக் குரங்கு காட்டக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராட்டினத்து மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, அந்த ஆளிடம், "இதோ பாரு, என்னை யார் கேட்டாலும் இப்படி ஒருத்தி வரவேயில்லைன்னு சொல்லிடு" என்றேன்.

"ஆரு கேட்டாலுமா அம்மா?"

"யார் கேட்டாலும்."

"சரி அம்மா."

மாமி ராட்டினத்துப் பக்கம் வரவேயில்லை. குரங்கைப் பார்த்துவிட்டு, சோடா குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் விளக்கு வைக்கும் நேரம் வரை நின்றேன். முதலில் டீச்சருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டேன். பிறகு கோபம் வந்தது. யோசித்துப் பார்த்திருப்பாள், இந்த அக்ரஹாரத்துக்காரியிடம் வீட்டு விலாசம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள், ஊர் மாறிப் போகிறவளுக்கு நான் எதற்கு. மனசுக்குள் அவளைத் தாறுமாறாகத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகைதான் வந்தது.

கடைசியாக ஒரு தடவை ஏறிவிட்டுப் போகிறேன் என்றேன். ஒற்றைக்கு ஏற்ற மாட்டேன் என்றான் அந்த ஆள். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, ஒரு சாக்கில் மணலைக் கட்டிக் கொண்டுவந்து, அவள் உட்காரும் பக்கத்தில் வைத்தான். ஈரச் சாக்கு என் புடவையில் பட்டுக்கொண்டே வந்தது. உச்சியில் வெகுநேரம் நிறுத்தினான். மழையில் கோபுரமும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. எனக்குப் பேச வேண்டும் போல இருந்தது. யாரிடம் பேசுவது?

இறங்கும்போது, "இன்னியோட முடிஞ்சுது, இல்லையா?" என்றேன்.

"எவிடெ முடிஞ்சுது? நாளைக்கும் உண்டு அம்மா. நாளைக்கல்லோ கர்க்கடகம் தீருது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூரியன் ராசி மாறுகிற நேரம் காலையில் வந்தால் இரண்டு கணக்கிலும் மாதம் ஒரே நாளில் பிறக்கும். அது இந்த வருஷம் போலப் பிற்பகலில் வந்தால், எங்கள் பஞ்சாங்கத்தில் அன்றே ஆவணி ஒன்று. மலையாளத்தில் மறுநாள்தான் சிங்க மாதம் ஒன்று. நான் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். டீச்சர் பள்ளிக்கூடத்து மலையாளக் கணக்குப்படி நாளைக்கு வருவாள். இவ்வளவு நேரம் திட்டியதற்கு வழியெல்லாம் மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று ராத்திரி நான் சிரித்துக்கொண்டே பரிமாறினேன்.

மறுநாள் எங்களுக்கு மாசப் பிறப்பு. அவர் லீவு போட்டுவிட்டுத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தார். எனக்கு மடிச் சமையல். ஈர விறகு எரியமாட்டேன் என்றது. தர்ப்பணம் செய்துவைக்கிற வாத்தியார் வேறு வீடுகளை முடித்துக்கொண்டு நேரம் கழித்து வந்தார். எல்லாம் ஆகி, அவர் சாப்பிட்டு, நான் இரண்டு வாய் போட்டுக்கொண்டு, அடுக்களையைக் கழுவிவிட்டுக் கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

"எங்கே கிளம்பறே?" என்றார் அவர். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொய் சொல்ல எனக்கு நேரமில்லை. "பார்க்குக்கு" என்றேன்.

"தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை அங்கேதானே போறே. இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையேன்னு கேட்டேன்" என்றார். பிறகு, "மழை வரும். குடையை எடுத்துண்டு போ" என்றார்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நான் பயந்த பயமெல்லாம் யாருக்காக? ஆனால் அதை யோசிக்க அது நேரமில்லை. மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாலைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

பார்க்கில் கூட்டம் கலைந்திருந்தது. சக்கரம் நின்றுவிட்டது. அந்த ஆள் தொட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஒரு டீச்சர் வந்தாளா? வெள்ளைப் புடவை, பொட்டு இல்லாமே" என்றேன். மூச்சு வாங்கியது.

"வந்தாங்க அம்மா. மத்தியானம் உச்சைக்கே வந்தாங்க. மழையத்தும் இவிடெத்தான் நின்னாங்க. இப்பத்தான், ஒரு மணிக்கூறு ஆகும், வண்டிக்கு நேரமாச்சுன்னு போனாங்க."

"எந்த ஊருக்குன்னு சொன்னாளா?"

"அது பறஞ்ஞில்ல."

"எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

அவன் பக்கத்தில் வந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லச் சொல்லல்ல அம்மா. கேட்டாங்க. இன்னைக்கு மட்டுமில்ல, நேத்தும் முந்தாநாளும், இந்த வாரத்துல எப்பவாச்சும் சேலைய மடிசாராக் கட்டின ஒரு அம்மா ஒற்றைக்கு வந்தாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நான் விடுவேனா? அப்படி ஒரு ஆளே வந்நில்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அதுக்கப்பறம்தான் போனாங்க."

சொன்னபடி செய்துவிட்ட திருப்தியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல காரியம் செய்தாய் என்றேன்.