ஏழுமலை வீட்டு எருக்குழியும் வண்டு தேவசேனாவும்

எங்க வீட்டுக்கு ரெண்டாவது மருமகளா வந்தவ தேவசேனா. ஊர்ல வண்டு தேவசேனான்னு சொன்னாதான் தெரியும். அப்பிடிக் கூப்ட்டா அவளும் கூச்சப்படாம திரும்பிப் பாப்பா. நான் பத்மினி, மூத்த மருமக. நகரிக்குப் பக்கத்துல எங்க ஊரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு பேசிக்குவாங்க. பேசட்டும், எனக்கு இன்னா.

அவ திருப்பதியில ஜுவாலஜி படிச்சவ. படிச்சி முடிச்சி அங்கயே ஒரு காலேஜு பூச்சி மியூசியத்துல வேல பாத்தா. வேலன்னா, வர்ற வண்டுங்கள எல்லாம் ஊசி குத்தி, வம்சவாரியா பிரிச்சி பொட்டியில வெக்கணும். கல்யாணமாயி வந்தப்ப பட்டுப்பொடவைக்கு அடியில அந்த மாதிரி ஒரு பொட்டி இருந்துச்சி. தொறந்து பாத்துட்டு எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி. குடும்பம் நடத்த வந்தியா, வண்டு வளக்க வந்தியான்னு கத்திட்டேன். அவ சிரிச்சிக்கினே, இதெல்லாம் செத்துப்போனதுங்கக்கா, துன்னக்கூட கேக்காதுன்னா.

ஆனா அவகிட்ட ஒரு பூச்சிய நீட்டுனா பதில் சுடச்சுட வரும். முதுகுல ரெண்டு கெட்டி மூடி இருக்கணும், மூடுனா நடுவுல கோடு நேரா எறங்கணும், இல்லன்னா அது வண்டே இல்ல, எடுத்துக்கினு போன்னுடுவா. மூடி சரியா இருந்தா அப்பறம் மூஞ்சியும் மீசையும் பாப்பா. மூஞ்சி தும்பிக்கையா நீண்டிருந்தா கூன்வண்டு வம்சம், நம்ம அரிசி மூட்டையில கெடக்கறதும் அதுல சேத்தி. மீசை ஒடம்ப விட நீளமா இருந்தா மாமரத்தத் தொளைக்கிற கூட்டம். மீசை நுனி விசிறியா விரிஞ்சா சாணி வண்டு வம்சம், மண்டையில கொம்பு வெச்சிக்கினு திரியிதே கொம்பு வண்டு, அது இதுங்களுக்குப் பங்காளி. மல்லாத்திப் போட்டா டக்குன்னு எகிறி நிமிந்துச்சின்னா அது தனி சாதி. ஊர்ல அத்தினி பேரும் செல்லுல போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க.

எல்லாம் நல்லாதான் போய்க்கினு இருந்துச்சி, தென்னையில வந்துச்சி வினை. எங்க மாமனாரு ஏழுமலைக்குக் கெணத்தாண்ட இருக்கிற தென்னைங்கதான் உசுரு. தேவசேனாவோட அம்மா பொன்னியம்மாள் அவருக்குக் கூடப் பொறந்த அக்கா. பக்கத்துத் தெருதான். கல்யாணமான புதுசுல ஒரு நாள் அந்தம்மா கெணத்தாண்ட நின்னு, இன்னா ஏழுமலை, மரம் இப்பிடி காய்ச்சித் தொங்குதேன்னு வாய் தவறி சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் மட்டைங்க கத்தரிக்கோலால வெட்டுனாப்பல வர ஆரம்பிச்சிது. ஒரு மரம் குருத்தே பட்டுப்போச்சி. அக்கா கண்ணுதான்னு மாமா முடிவு கட்டிட்டாரு. நான் கண்ணு வெக்கலன்னு அக்கா சொன்னதையும், இது வண்டு வேலன்னு தேவசேனா சொன்னதையும் அவரு காதுலயே போட்டுக்கல. மரத்துக்கு மரம் பழைய செருப்பத் தொங்க விட்டுட்டு, இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னு அக்காவுக்கு சொல்லி அனுப்புனாரு. அதுலேர்ந்து ரெண்டு வருசமா அந்தம்மா எங்க கெணத்தத் தாண்டும்போதெல்லாம் முந்தானைய தலமேல இழுத்து விட்டுக்கினு, தரைய பாத்துக்கினேதான் போவாங்க.

இந்த வருசம் தேவசேனாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சி. மொத வளையல பெத்தவதான் போடணும். மாமா, அவ நைனா வரட்டும், அம்மா வரக்கூடாதுன்னுட்டாரு. அவ புருசன், என் கொழுந்தன் மோகன்ராஜ், தன் நைனா முன்னால வாயே தொறக்கல. நான் தொறந்தேன். பொண்ணுக்கு வளையல் போட தாய் வரக்கூடாதுன்னா இது என்னா வீடுன்னு கேட்டு, கையில இருந்த சொம்ப தரையில வெச்ச வேகத்துல அது நசுங்கியே போச்சி. அவரு அசையல. நீயே போடுன்னாரு.

தேவசேனா அழுவான்னு பாத்தேன். அழல. "சண்ட போட்டா மாமா மாற மாட்டாருக்கா, மரத்துல இருக்கறத எறக்கிக் காட்னாதான் மாறுவாரு"ன்னா.

காய் பறிக்க மரமேறுறவரு வந்தப்ப, தேவசேனா அவர குருத்துல கம்பி விட்டு நோண்டச் சொன்னா. கறுப்பா, கொம்போட ஒண்ணு வந்து விழுந்துச்சி. நம்ம கொம்பு வண்டு, தெலுங்குல கொம்மு புருகும்பாங்களே, அதேதான். குருத்துக்குள்ள மடிஞ்சிருக்கற மட்டைய இது கடிக்கிது, விரியும்போது கத்தரிச்சாப்பல தெரியிதுன்னா. மாமா ஒத்துக்குவாரா? கண்ணு பட்டதாலதான் வண்டு வந்துச்சின்னாரு. அப்ப இதுங்க பொறந்த எடத்தக் காட்டவான்னு கேட்டுட்டு, நேரா எருக்குழியாண்ட போய் நின்னா.

மாமாவுக்கு வந்துச்சே கோவம்! எங்க பக்கம் எருக்குழியில வெள்ளப் புழு நெளிஞ்சா எரு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். எங்க மாமா அந்தப் புழுவுக்காகக் கோழியக்கூட கிட்ட விடாம கல்லால அடிச்சித் தொரத்துவாரு. அந்தக் குழியப் போயி கொற சொன்னா சும்மா இருப்பாரா? தோண்டுடா பாக்கலாம்னு மகன்கிட்ட மம்பட்டியக் குடுத்தாரு. புழு கூடை கூடையா வந்துச்சி. எல்லாம் ஒரே வெள்ள, ஒரே சுருட்டு.

தேவசேனா இடுப்ப புடிச்சிக்கினு உக்காந்து, புழுவா இருக்கறப்ப கொம்பு வண்டும் பூ வண்டும் பாக்க ஒண்ணாதான் இருக்கும், நடக்க வெச்சாதான் தெரியும்னா. சிமெண்டு தரையில ஒண்ண விட்டா. அது மல்லாக்கப் படுத்துக்கினு, காலெல்லாம் மேல தூக்கிக்கினு, முதுகாலயே விறுவிறுன்னு ஊர்ந்து போச்சி. எனக்கு சிரிப்பு தாங்கல.

"இது பூ வண்டோட புள்ள. நீங்க சொன்னது சரிதான் மாமா, இது எருவுக்கு நல்லது"ன்னா. இன்னொண்ண விட்டா. அது சுருண்டு கெடந்து, ஒருக்களிச்சி இழுத்துக்கினு போச்சி. "இதுதான் மரத்துக்கு எமன்."

மாமா நம்பல. தானே ஒண்ண எடுத்து விட்டாரு. அப்பறம் இன்னொண்ணு. வெயில் ஏறுற வரைக்கும் அந்த மனுசன் குந்திக்கினு புழுவா நடக்க விட்டுக்கினே இருந்தாரு. முதுகால போனத திரும்பக் குழியில போட்டாரு. ஒருக்களிச்சிப் போனது பக்கத்துல குவிஞ்சிக்கினே வந்துச்சி. கடைசியில வேலியோரம் பாத்து, பா பா பான்னு கோழிங்கள அவரே கூப்ட்டாரு.

"நாந்தான் வளத்திருக்கறேன்"னாரு, யாரையும் பாக்காம. எனக்கு நாக்கு நுனியில பதில் நின்னுச்சி. பொழச்சிப் போகட்டும்னு முழுங்கிட்டேன்.

மரத்துல தொங்குன செருப்பெல்லாம் பிச்சிப் போட்டுட்டு, சட்டகூட மாட்டாம பக்கத்துத் தெருவுக்குப் போனாரு. நானும் பின்னாலயே ஓடுனேன், விடுவனா? அக்கா வாசல்ல கீரை ஆஞ்சிக்கினு இருந்தாங்க. அது ஒன் கண்ணு இல்லக்கா, என் குழியில பொறந்த வண்டுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டு, பொண்ணுக்கு வளையல் போட வான்னாரு.

அந்தம்மா கீரைய கீழ வெச்சாங்க. "இத நம்பறதுக்கு ஒனக்கு ஒரு புழு வந்து சொல்லணும். கூடப் பொறந்தவ சொன்னா போதாது, இல்ல?"ன்னாங்க.

மாமா தலைய குனிஞ்சிக்கினு நின்னாரு.

வளைகாப்பு அன்னிக்கி அவங்க வந்தாங்க, வளையல் தட்டோட. கெணத்தாண்ட வந்ததும் பழகுன கை தானா முந்தானைய தலமேல இழுத்துச்சி, கண்ணு தரைக்கிப் போச்சி. மாமா வாசல்லேர்ந்து எறங்கி ஓடுனாரு. அக்கா தலமேல இருந்த முந்தானைய அவரே எடுத்து விட்டு, "நிமிந்து பாருக்கா. கண்ணு நெறைய பாரு"ன்னாரு.

மட்டைங்க இன்னும் கிழிஞ்சிதான் தொங்கிக்கினு இருந்துச்சி. அந்தம்மா அண்ணாந்து, ஒவ்வொரு மரமா பாத்தாங்க. அப்பறம் உள்ள போயி பொண்ணு கையில மொத வளையல போட்டாங்க.