மோட்டார் அக்கா வளைத்துப்போட்ட நாய்

மோட்டார் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவளாக இருந்திருந்தால் பாலிசி சார் தப்பித்திருப்பார்.

எரிந்துபோன மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவள் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாடையும் அவளும். பேச்சுத் துணைக்குக் கோழிகள். அவற்றில் செவலைக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர். வேலை நடக்கிறதா என்று பார்ப்பதுபோல் கொட்டகையை ஒரு சுற்று வரும். ரிப்பேருக்கு வந்தவர்களின் காலைக் கொத்தும். அப்புறம் பழைய டேபிள் ஃபேன் கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து முட்டையிடும். குஞ்சில் நொண்டிக்கொண்டு கிடந்ததை மடியிலேயே வைத்துத் தேற்றியவள் அக்கா.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாலிசி சார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருடைய நாய்க்குப் பெயர் ஹீரோ. காலையில் பைக்கை எடுக்கும்போதே சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அது எங்கே போகிறது, என்ன செய்கிறது என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாரின் தலைவலி.

ஒரு நாள் அக்கா கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம், கோழிகளை அடைத்த வலை வேலியின் அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நாய் உள்ளே நுழைந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது கொட்டகை வாசலெல்லாம் இறகு. சன்ஷேடுக்குப் பறந்து ஏறிய இரண்டு மட்டும் மிச்சம். மேனேஜர் ஃபேன் கூட்டுக்குக் கீழே கழுத்து துவண்டு கிடந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் பாலிசி சார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் செல்போனிலிருந்து பாதிக் கண்ணை மட்டும் எடுத்தார்.

"நாய்னா அப்படித்தாம்மா இருக்கும். நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அடுத்தவன் நஷ்டத்தைப் பேசியே பிழைக்கிற மனுஷனுக்கு ஓர் 'அடடா' சொல்ல வாய் வரவில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பினாள்.

"எலி மருந்து வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர்.

"நாய் செத்தா அந்தாளுக்கு என்னங்க? அடுத்த வாரமே வேற ஒண்ணு வாங்கிடுவான். நான் வளத்தது எனக்கு இல்லாம போச்சு. அவன் வளத்தது, அவன் கண்ணு முன்னாடியே, அவனுக்கு இல்லாம போகணும்."

முதல் வேலையாக, தொட்டால் நெளிகிற பழைய வலையைப் பிடுங்கி எறிந்தாள். பற்றவைத்த கெட்டிக் கம்பி வலையை நான்கு பக்கமும் இறுக்கி, அடிப்பாகத்தை வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதைத்து, மேலே கல்லை அடுக்கினாள். மறுநாளே நாய் வந்து பறித்துப் பார்த்தது. நகம் கம்பியில் தட்டியது. இன்னோர் இடத்தில் பறித்தது; அங்கேயும் கம்பி. அலுத்துப்போய் அங்கேயே படுத்துக்கொண்டது. வெயில் ஏறியும் எழுந்து போகவில்லை. அதற்குப் போக இடமும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டினான்டா பாலிசி, என்று நினைத்துக்கொண்டாள்.

"வாடா, திருடா" என்று கூப்பிட்டு, கொட்டகை மேஜைக் காலில் கயிற்றைப் போட்டுக் கட்டினாள். சாயங்காலம் அவிழ்த்துவிடுவாள், மறுநாள் அதுவே வந்து நிற்கும். வலைக்குள் கோழி நடமாடும். அதைப் பார்த்துத் திமிறினால் ஒன்றும் கிடைக்காது. பார்வையைத் திருப்பி அக்காவைப் பார்த்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. மேனேஜரைக் கடித்த வாயில் முட்டையை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஓங்கி ஓர் அறை விடத் தோன்றும். ஆனால் அது காயில் கட்டுகிற கை. அவசரப்பட்டால் முழுவதையும் அவிழ்த்துச் சுற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்த கை.

"மிச்சம் இருக்கிற ரெண்டையும் அதுக்கே விருந்து வைக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பஸ்ஸைப் பாருங்க. நாயை நான் பாத்துக்கறேன்."

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகு ஒரு நாள் வலைக் கதவைத் திறந்துவிட்டாள். கயிறு கையில் இருந்தது. இன்னும் சில நாள் கழித்துக் கயிற்றைத் தரையில் போட்டாள். அது பாய்ந்தால் இரண்டு கோழியும் போகும், பழிவாங்குவதும் போகும். வெள்ளைக் கோழி மெதுவாக வந்து, திருடனின் வாலை மிதித்துக்கொண்டே தாண்டிப் போனது. திருடன் கொட்டாவி விட்டுவிட்டு, முட்டை எங்கே என்பதுபோல் அக்காவைப் பார்த்தது.

அதற்கப்புறம் அது சாயங்காலத்தில் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டது. பாலிசி சார் சங்கிலியோடு வந்தார்.

"ஹீரோ! வாடா, போலாம்."

நாய் வாலை ஒரு தரம் ஆட்டியது. எழுந்திருக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்தார், பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தார். அக்கா கம்பியிலிருந்து பாதிக் கண்ணை மட்டும் எடுத்து, "திருடா" என்றாள். அது எழுந்து போய் அவள் காலடியில் படுத்தது.

பாலிசி சார் நீட்டிய பிஸ்கட்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். "பால் புட்டியில குடுத்து வளத்தேங்க்கா இதை. என்னதான் பண்ணினீங்க?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை முட்டை அவித்தாள்.

"நாய்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் அக்கா. "நீங்கதான் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்."