அவள் வளர்த்த ஈஸ்டுகள்

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகையில் விளைந்த திராட்சையிலிருந்து வளர்த்தெடுத்த முதல் தட்டை அவள் என் முகத்துக்கு நேரே நீட்டிய காலை இன்னும் நினைவிலிருக்கிறது. உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டு. அதில் கடும்பச்சை, வெளிர்பச்சை, பாலேட்டு நிறம் என்று புள்ளி புள்ளியாக ஈஸ்டுகள். ஓரத்தில் ஒரே ஒரு ரோஸ் பொட்டு. "ஒரே கொத்துல எத்தன குடித்தனம் பாருக்கா!" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கை பட்டிருக்கும். மறுபடி செய்" என்றேன். கை படவில்லை என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு சுத்தமான தட்டை அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் போட்டதில்லை.

ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போனால் எங்கள் ஒயின் ஆலை. நான் திருச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நுண்ணுயிரியலில் முதுகலை. அவள் எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தாள். கல்லாவியில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். ஆலையில் அவளைக் 'கல்லாவிப் பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். பாக்கெட்டில் வரும் உலர்ந்த ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துச் சாற்றுத் தொட்டியில் சேர்க்கவேண்டும்; தோட்டத்திலிருந்து தானாக வந்து ஒட்டும் காட்டு ஈஸ்டுகள் உள்ளே தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எனக்கிருந்த வேலை அதுதான். அந்தக் காட்டு ஈஸ்டுகள் யார் யார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரிகைக்குப் போனாள். தோட்டக்காரரிடம் தெலுங்கில் பேசிப் பழத்தோல், கொடியின் பட்டை, வேரடி மண் என்று சேகரித்தாள். ஒயின் கிடங்குத் தொழிலாளிகளிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசி, ஈரச் சுவரிலும் மரப்பீப்பாயின் இடுக்கிலும் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். முதல் இரண்டு மூன்று நாள் எலுமிச்சம்பழ வடிவ ஈஸ்டுகள்தான் சாற்றில் கூட்டமாகப் பெருகும். ஆல்கஹால் ஏற ஏற அவை மடியும். பழத்தில் தேடினாலும் லேசில் கிடைக்காத முட்டை வடிவ ஈஸ்டுகள் அதன்பின் ஆட்சிக்கு வரும், அவற்றில் பல கிடங்குச் சுவரிலேயே குடியிருப்பவை. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள். அவள் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தாள். அதே சுவரை உரசிக்கொண்டு நான் இரண்டு வருடமாக நடந்திருக்கிறேன்.

மேலாளர் தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்குத்தான் வருவார். மெல்ல மெல்ல அவள் மேசைக்கு வழி மாறினார். அவள் பேரிகை ஈஸ்டுக் கூட்டத்திலிருந்து ஆறு வகையைப் பிரித்து, சிறு ஜாடிகளில் சாறு ஊற்றிப் புளிக்கவைத்தபோது ஒரு ஜாடி பழுத்த கொய்யா மாதிரி மணத்தது. மேலாளர் முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த சீசன்ல ஒரு தொட்டி முழுக்க இதுதான்" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீங்க இவங்களுக்கு ஹெல்ப் பண்ணுங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் ஆறு வகையையும் புதுக் குழாய்களுக்கு மாற்றினாள். பழைய தட்டுகளை, அவற்றிலிருந்த ஈஸ்டுகள் சாக, நீராவிக் கொப்பரையில் போட்டுவிட்டாள்; இனி அந்த ஆறும் இந்தக் குழாய்களில் மட்டும்தான். கல்லாவிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்ற பதற்றத்தோடு ஓடினாள். நான் மட்டும் இருந்தேன். குழாய்களில் பெயர், தேதி, ஊர் மூன்றும் அவளுடைய சின்ன எழுத்தில் இருந்தன. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஆறையும் துடைத்தேன். மையெல்லாம் நீலமாகப் பஞ்சில் வந்தது. எழுத்தில்லாத குழாய் எதுவானாலும் திங்கட்கிழமை காலையில் நீராவிக் கொப்பரையில் போட்டுக் கொல்லவேண்டும் என்பது ஆய்வுக்கூட விதி. மீதியை விதி பார்த்துக்கொண்டது.

மேலாளர் விசாரித்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுதாம ஓடிட்டேன் போல சார். என் தப்புதான்" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை என்றே நினைத்தேன். நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அறிவில் முந்தியது போதாதென்று குணத்திலும் முந்துகிறாளே என்று இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மறு வருடம் அதே தோட்டம், அதே கொடிகள் என்று மறுபடி சேகரித்தாள். ஆனால் அந்த வருட மழை வேறு, வெயில் வேறு. பழத்தோலில் குடியேறிய கூட்டமும் வேறு. கொய்யா மணம் திரும்பவில்லை. மேலாளர் பாக்கெட் ஈஸ்டுக்கே திரும்பினார். சில மாதங்களில் அவள் வேலையை விட்டாள். நான் ஆய்வுக்கூடத் தலைவியானேன்.

போன மாதம் ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தக்காளிக்கூழ் ஆலையில் தரம் பார்க்கிறாளாம். பந்தியில் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். பழைய கதையெல்லாம் பேசினோம். "இப்பல்லாம் ரெண்டு எடத்துல எழுதறேன்க்கா. எழுதினதப் போன்ல போட்டோ எடுத்துக்கறேன். வீட்டுக்கு வந்தும் ஒரு வாட்டி பாத்துக்குவேன். எங்கூட்டுக்காரு சிரிக்கிறாரு. அன்னிக்கி மறந்ததுல இருந்து என் கையி மேலயே எனக்கு நம்பிக்க இல்லக்கா."

அவள் என்னைக் காப்பாற்றவே இல்லை. இத்தனை வருடமும் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"நீ மறக்கல. நான்தான் பஞ்சால தொடச்சேன்" என்றேன்.

திட்டுவாள், எழுந்து போவாள் என்று காத்திருந்தேன். போகிற சாம்பார் வாளியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் எழுதியிருந்தேனா?"

"எழுதியிருந்தே."

"ஆறுலயும்?"

"ஆறுலயும்."

இலையை மடித்துவிட்டு எழுந்தாள். கைகழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். ஈரக் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தபடி நின்றிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பந்தியிலிருந்து தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அந்தக் கையை அவள் திரும்பப் பெற்றுவிட்டாள். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.